கலிஃபோர்னியா பிரைமரி: நவம்பர் வரை காத்திருந்தால் பாதி போய்விடும்

சிட்டிசன்ஷிப் வாங்கிய கையோடு வாக்காளராகப் பதிந்துகொள்ளும் நம்மவர்கள் பலர் நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். ஆனால் அதற்கு முன்பே பிரைமரி என்ற முதல் சுற்றுத் தேர்தல் நடக்கிறது. கவுண்டி (மாவட்டம் மாதிரி) சூப்பர்வைசர், ஷெரிஃப், நீதிபதி போன்ற பதவிகளில் பிரைமரியிலேயே ஒருவர் பாதிக்கு மேல் வாக்கு வாங்கினால் கதை அங்கேயே முடிந்தது. ஆளுநர், சட்டமன்றம், காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) பதவிகளுக்கோ, எந்தக் கட்சியாக இருந்தாலும் முதல் இரண்டு பேர்தான் நவம்பருக்குப் போவார்கள். 2012இல் 31ஆவது காங்கிரஸ் தொகுதியில் ஜனநாயகக் கட்சியின் நால்வர் வாக்கைப் பிரித்துக்கொண்டார்கள். குடியரசுக் கட்சியின் இருவர் முந்திவிட்டார்கள். அந்த நவம்பரில் ஜனநாயகக் கட்சிக்காரர் பெயரே வாக்குச்சீட்டில் இல்லை.

கிரீன் கார்டு மட்டும் இருப்பவர்கள் பதியவே கூடாது. ஓட்டுநர் உரிமம் தரும் டிஎம்வி அலுவலகப் படிவத்தில் குடியுரிமைக் கேள்வியை நிதானமாகப் படித்து ‘இல்லை’ என்று குறியுங்கள். தப்பாகப் பதிந்து வாக்களித்தால் நாடு கடத்தும் அளவுக்குப் போகும்.

படிவத்தில் அதிகம் பேர் ஏமாறுவது கட்சி கேட்கும் இடத்தில். எந்தக் கட்சியும் வேண்டாம் என்பவர்கள் ‘இண்டிபெண்டன்ட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் ‘அமெரிக்கன் இண்டிபெண்டன்ட்’ என்பதை டிக் செய்துவிடுகிறார்கள். அது ஒரு கட்சியின் பெயர். கட்சி சாராதவர் குறிக்க வேண்டியது ‘நோ பார்ட்டி பிரிஃபரன்ஸ்’. அதிபர் பிரைமரி வரும்போதுதான் இந்தத் தப்பு உறைக்கும்: அந்தச் சின்னக் கட்சியின் வாக்குச்சீட்டுதான் கைக்கு வரும். கட்சி சாராதவர்களுக்கும் அதிபர் போட்டி தானாக வராது. எந்தக் கட்சி அனுமதிக்கிறது என்று பார்த்து, அதன் சீட்டைக் கவுண்டியிடம் கேட்டு வாங்க வேண்டும். பதிவை இன்றே இணையத்தில் சரிபாருங்கள். திருத்துவதற்கு வழக்கமான கெடு தேர்தலுக்கு 15 நாள் முன்பு வரைதான்.

வீடு மாறியிருந்தால் மறுபடி பதியுங்கள். தபால் நிலையத்தில் முகவரி மாற்றம் கொடுத்தால் கரண்ட் பில் வந்து சேரும். வாக்குச்சீட்டு வராது, அதை ஃபார்வர்ட் செய்ய மாட்டார்கள்.

வாக்குச்சீட்டைத் திருப்பி அனுப்பும் உறையின் மேல் போடும் கையெழுத்தைக் கோப்பில் இருப்பதோடு ஒப்பிடுவார்கள். கோப்பில் இருப்பது பெரும்பாலும் டிஎம்வியில் போட்ட கையெழுத்துதான். அங்கே முழுப்பெயர், இங்கே அடையாளமே தெரியாத ஒரு கிறுக்கல் என்றால் சீட்டை நிறுத்திவைத்து உங்களுக்குக் கடிதம் போடுவார்கள். அதற்கு உடனே பதில் அனுப்பாவிட்டால் வாக்கு எண்ணப்படாது. கடைசி நாளில் தபால் பெட்டியை நம்பாதீர்கள். முத்திரை மறுநாள் தேதியில் விழலாம். கவுண்டியின் டிராப் பாக்ஸில் போடுங்கள்.

இனி யாருக்குப் போடுவது? உள்ளூர்ப் பதவிகளில் பெயருக்குப் பக்கத்தில் கட்சி இருக்காது. பொதுவாக வேட்பாளரின் தொழிலைச் சொல்லும் மூன்று சொற்கள் வரைதான் இருக்கும். அந்தச் சொற்களை எழுதிக்கொடுப்பது வேட்பாளர்தான், எனவே அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கவுண்டி வழிகாட்டிப் புத்தகத்தில் வரும் உள்ளூர் வேட்பாளர்களின் அறிக்கைக்குப் பொதுவாக அவர்களே பணம் கட்ட வேண்டும். அறிக்கை இல்லாதவர் பணம் கட்டாதவர், அவ்வளவுதான்.

வீட்டுக்கு வரும் பளபளப்பான ‘வோட்டர் கைடு’ அட்டைகளைக் கொஞ்சம் கிட்டே வைத்துப் பாருங்கள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அங்கே இடம்பெறப் பணம் கொடுத்தவர் என்று அதற்கு அர்த்தம். சட்டம் கேட்பதால்தான் அதை அச்சிடுகிறார்கள்.

உருப்படியான தகவல், பிரசாரத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று வேட்பாளர் கணக்குக் காட்டும் ‘ஃபார்ம் 460’இல் இருக்கிறது. நகர கிளார்க் அல்லது கவுண்டித் தேர்தல் அலுவலக இணையதளத்தில் வேட்பாளர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். 100 டாலரும் அதற்கு மேலும் கொடுத்த ஒவ்வொருவரின் பெயர், தொழில், வேலை பார்க்கும் இடம் அதில் இருக்கும். உங்கள் தெருவில் அடுக்குமாடி கட்ட அனுமதி கேட்கும் பில்டர் யாருக்குக் கொடுத்திருக்கிறார் என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒன்றும் தெரியாத பதவியை வெற்றாக விடலாம். மற்ற வாக்குகள் செல்லும். ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய இடத்தில் இருவரைக் குறித்தால் அந்தப் போட்டியில் மட்டும் உங்கள் வாக்கு செல்லாது.