கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்கும் ஆயா

"எங்க ஆயா வெள்ளெழுத்துக் கண்ணாடியக் கழட்டி வெச்சிட்டாங்க. இப்ப வெறுங்கண்ணாலயே பேப்பர் படிக்கிறாங்க!" கடலூர் முதுநகரில் பெருமையாகச் சொல்லப்படும் பேச்சு இது. அதே ஆயாவிடம், எதிரே வரும் டவுன் பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள், தடுமாறுவார். பார்வை திரும்பவில்லை, பெரும்பாலும் கண்புரை தொடங்கியிருக்கிறது.

கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வாழ்நாள் முழுக்க அடுக்கடுக்காக வளர்கிறது. பழைய அடுக்குகள் நடுவில் நெருக்குண்டு இறுகும்போது அந்த மையம் ஒளியை அதிகமாக வளைக்கத் தொடங்கும். கிட்டத்தில் உள்ளது தெளிகிறது, தூரத்தில் உள்ளது மங்குகிறது. வேகும் முட்டையின் வெள்ளைக்கரு போல லென்ஸின் புரதங்கள் மேலும் கலங்க, கிட்டத்தில் உள்ளதும் மங்கிவிடும். சர்க்கரை நோய், புகைப்பழக்கம், டாக்டர் சொல்லாமல் நெடுநாள் போடும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து எல்லாம் இதை வேகப்படுத்தும். புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து எதுவும் கிடையாது. விளக்கெண்ணெயும் தாய்ப்பாலும் கண்ணில் விட்டால் கிருமி சேரும், அவ்வளவுதான்.

"முத்தட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்று புரை ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதை மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். ஒரு காலத்தில் டாக்டர்களே அப்படித்தான் சொன்னார்கள். அன்று கருவிழி ஓரத்தைப் பாதி வட்டத்துக்குக் கீறி, லென்ஸை முழுசாக எடுத்துத் தையல் போட்டார்கள். உள்ளே மாற்று லென்ஸ் கிடையாது, சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி. கொஞ்சநஞ்சப் பார்வை உள்ளவருக்கு அது நஷ்டம்.

லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949இல் முதல் செயற்கை லென்ஸைக் கண்ணுக்குள் பொருத்தினார். 1967இல் சார்லஸ் கெல்மன் மீயொலியால் (அல்ட்ராசவுண்ட்) புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்று 2 முதல் 3 மில்லிமீட்டர் துளை போதும், மடித்த லென்ஸ் அதன் வழியே உள்ளே போய் விரிந்துகொள்ளும்.

இந்த முறைக்கு முற்றாத புரைதான் சுலபம். கல்லாக இறுகியதை உடைக்க அதிக மீயொலி வேண்டும். அதில் கருவிழியின் உட்புறச் செல்கள் சாகும், அவை மறுபடி முளைக்காது. அளவுமீறி முற்றினால் புரதம் கசிந்து, கண்ணுக்குள் ஊறும் நீர் (கண்ணீர் அல்ல) வடியும் பாதையை அடைக்கும். அழுத்தம் ஏறி, கண் சிவந்து, வலி தாங்காது. பார்வை நரம்பு கெட்டால் எந்த ஆபரேஷனும் மீட்டுத்தராது.

மீன் ஆய முடியவில்லை, ராத்திரியில் எதிர்வண்டி வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றால் அதுவே நேரம். புதுச்சேரி தவளக்குப்பத்தில், கடலூர் சாலையிலேயே, 2003 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

"ஆபரேஷன் பண்ணியும் பொறை திரும்ப வந்துடுச்சு" என்பார்கள் சிலர். எடுத்த புரை வராது. புது லென்ஸைத் தாங்கும் மெல்லிய உறை சிலருக்கு மங்கும். லேசரால் அதன் நடுவில் ஒரு துளை போட்டால் போதும், கத்தி கிடையாது, சில நிமிஷ வேலை.