கிரிபாஸ் நாட்டுக்கு அதிபரா, குடியரசுத் தலைவரா?

திருத்துவதற்காக என்னிடம் வந்த ஒரு மொழிபெயர்ப்பில் இப்படி ஒரு வரி: ‘கிரிபட்டி நாட்டின் குடியரசுத் தலைவர் பெரெட்டிடென்டி அவர்கள்’. பெரெட்டிடென்டி என்று ஓர் ஆளே கிடையாது. அது பதவியின் பெயர். அதையும் தப்பாகப் படித்து, ஆளின் பெயராக்கி, ‘அவர்கள்’ வேறு சேர்த்திருக்கிறார். நாட்டின் பெயரும் பிழை. அது கிரிபாஸ்.

சொல்லின் கதை சிறியது. ‘முன்னால் அமர்தல்’ என்னும் லத்தீன் வினையிலிருந்து வந்தது ஆங்கிலத்தின் பிரசிடெண்ட். பசிபிக்கில் 33 தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் கிரிபாஸின் மொழிக்கு 13 எழுத்துகள் போதும். ‘ஸ’ ஒலிக்கு எழுத்து இல்லை. ‘டி’ என்று எழுதி ‘ஸி’ என்று படிப்பார்கள். சொல்லின் கடைசியில் வந்தால் வெறும் ‘ஸ்’. கில்பர்ட்ஸ் என்ற பழைய பெயர் கிரிபாஸ் ஆனதும், கிறிஸ்துமஸ் தீவு கிரிசிமஸ் ஆனதும் இப்படித்தான். பிரசிடெண்ட் அங்கே பெரெசிடென்ஸ் ஆயிற்று. நாம் உகரம் சேர்த்து ‘பிரசிடெண்டு’ என்று வாய்க்குப் பழக்கிக்கொள்கிறோமே, அதே வேலை.

இனி, என்னைக் கோபப்படுத்தும் ‘குடியரசுத் தலைவர்’. தமிழ்நாட்டு வாசகருக்கு அந்தச் சொல்லைக் கேட்டதும் டெல்லி மாளிகைதான் நினைவுக்கு வரும்: அமைச்சரவை சொல்லும், அவர் கையெழுத்திடுவார். கிரிபாஸில் நடப்பது வேறு. அங்கே நாடாளுமன்றத்துக்கே மனெயாபா என்று பெயர். ஊர்க்கூட்டம் நடக்கும் கூரைக் கொட்டகைக்கான சொல் அது. பழைய மனெயாபாவில் ஒவ்வொரு குலத்துக்கும் உட்கார இன்ன இடம் என்று உண்டு. பொதுத்தேர்தல் முடிந்ததும் உறுப்பினர்கள் தங்களுக்குள் மூன்று நான்கு பேரை முன்மொழிவார்கள். அவர்களில் ஒருவரை நாடே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும். அவர்தான் அமைச்சர்களை நியமிக்கிறார், அமைச்சரவையை நடத்துகிறார். நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினால் அவரும் போவார், அவையும் கலையும். 2003 மார்ச்சில் அப்படித்தான் நடந்தது. இந்தியக் குடியரசுத் தலைவர்மேல் யாராவது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவர முடியுமா?

தீர்மானத்தில் கவிழ்கிறார், எனவே ‘பிரதமர்’ என்பார் சிலர். பிரதமருக்கு மேலே அரசரோ குடியரசுத் தலைவரோ இருக்க வேண்டும். பக்கத்து துவாலுவில் பிரதமர் உண்டு, மேலே பிரிட்டன் மன்னர் உண்டு. 1979இல் விடுதலை பெற்ற நாள்முதல் கிரிபாஸில் பெரெசிடென்ஸுக்கு மேலே ஒருவருமில்லை.

தனித்தமிழ் அன்பர்கள் ‘ஆட்சித் தலைவர்’ என்கிறார்கள். அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன், சொல்லை ஏற்க முடியவில்லை. மாவட்ட ஆட்சித் தலைவர் என்று கலெக்டருக்குக் கொடுத்துவிட்டோமே! திங்கட்கிழமை மனுவோடு வரிசையில் நிற்பதுதான் மனத்தில் வரும். ‘தலைவர்’ இன்று சங்கத்துக்கும் கட்சிக்கும் வாரியத்துக்கும் ஓடி ஓடித் தேய்ந்த சொல்.

‘அதிபர்’ வடமொழி வேர்தான், மறுக்கவில்லை. ஆனால் நாட்டையும் அரசாங்கத்தையும் ஒருவரே தலைமையேற்று நடத்துகிறார் என்பதை அது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. இலங்கையில் பள்ளி முதல்வரை அதிபர் என்பார்கள். அங்குள்ள வாசகருக்கு ‘ஜனாதிபதி’ என்றே எழுதலாம், அவர்கள் நாட்டு ஜனாதிபதியும் ஆட்சி அதிகாரம் உள்ளவர்தான். எனக்கு விளங்காதது ஒன்று: ‘அமெரிக்க அதிபர்’ என்று தயங்காமல் எழுதும் அதே மொழிபெயர்ப்பாளர், சின்னத் தீவு என்றதும் அகராதியைத் திறந்து முதல் வரியில் கிடைத்ததை எடுத்து ஒட்டுகிறார். ஐந்து நிமிடம் அந்த நாட்டின் ஆட்சிமுறையைப் படித்திருக்கலாம். நாடு சிறியது என்பதற்காக அக்கறையும் சிறுக்க வேண்டுமா?

கிரிபாஸ் மொழிச் சொல்லைக் காட்ட விரும்பினால் முதல்முறை மட்டும் ‘பெரெசிடென்ஸ் எனப்படும் அதிபர்’ என்று எழுதலாம், பிறகு அதிபர் போதும். அவருக்கு அடுத்த பதவிக்கு அங்கே ‘பெரெசிடென்ஸுக்கு இரண்டாமவர்’ என்று பொருள்படும் பெயர் இருக்கிறது. தமிழில் துணை அதிபர்.