கயிலாய மானசரோவர் யாத்திரை: அரசு வழியாகப் போவது எப்படி?

கயிலாய மலையும் மானசரோவர் ஏரியும் இருப்பது திபெத்தில், சீன ஆட்சிக்குட்பட்ட பகுதியில். சிவனின் இருப்பிடம் என்று நாம் வணங்கும் மலையை பௌத்தர்களும், சமணர்களும், திபெத்தின் பழைய போன் மதத்தாரும் புனிதமாகக் கருதுகிறார்கள். சமணருக்கு அது அவர்களின் முதல் தீர்த்தங்கரரான ஆதிநாதர் முக்தி பெற்ற இடம். இந்துக்களும் பௌத்தர்களும் மலையை வலமாகச் சுற்ற, போன் மதத்தார் இடமாகச் சுற்றுவார்கள். சுற்றுப்பாதை ஏறத்தாழ 52 கி.மீ.

1962 போருக்குப் பின் இந்தியர்களுக்கு அடைபட்டிருந்த இந்தப் பயணம் 1981-ல் மறுபடி தொடங்கியது. அன்று முதல் மத்திய வெளியுறவு அமைச்சகம்தான் இதை நடத்துகிறது. கொரோனாவில் நின்று, எல்லைப் பதற்றத்தால் தள்ளிப்போய், 2025-ல்தான் திரும்பவும் ஆரம்பித்தது. அந்த ஆண்டு 750 பேருக்கு இடம்: உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியே 50 பேர் கொண்ட 5 குழுக்கள், சிக்கிமின் நாதுலா வழியே 10 குழுக்கள்.

பலரும் தவறாக நினைக்கும் ஒரு விஷயம்: அமைச்சகம் பயணத்துக்குப் பணம் தருவதில்லை. சீனாவுடன் பேசி அனுமதி வாங்குவது, விசா, குழு, உடன்வரும் தொடர்பு அதிகாரி ஆகியவற்றைத்தான் அது பார்த்துக்கொள்கிறது. செலவு நம்முடையது. 2025 கணக்குப்படி லிபுலேக் வழிக்கு சுமார் 1.74 லட்சம் ரூபாய், நாதுலா வழிக்கு சுமார் 2.83 லட்சம். இரண்டுமே மூன்று வாரப் பயணம். நாதுலாவில் எல்லை தாண்டும் வரை வண்டியிலேயே போகலாம், லிபுலேக்கில் கொஞ்சம் மலையேற வேண்டும். முழங்கால் பலவீனமானவர்கள் கூடுதல் பணம் கொடுத்தாவது நாதுலாவைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆனால் எந்த வழியில் போனாலும் கயிலாயத்தைச் சுற்றும்போது நடை தப்பாது. 5,600 மீட்டருக்கு மேல் உள்ள டோல்மா கணவாயைத் தாண்டியாக வேண்டும்.

விண்ணப்பம் இணையத்தில் மட்டும், அமைச்சகத்தின் யாத்திரை தளத்தில். இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், ஓ.சி.ஐ. அட்டைக்காரர்களுக்கு, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு, வாய்ப்பில்லை. யாத்திரை போகும் ஆண்டின் ஜனவரி 1 அன்று வயது 18-க்குக் குறையாமலும் 70-ஐத் தாண்டாமலும் இருக்கணும். அதே ஆண்டு செப்டம்பர் 1 அன்று பாஸ்போர்ட்டில் குறைந்தது 6 மாதம் செல்லுபடி பாக்கி இருக்க வேண்டும். ஆட்களை கணினிக் குலுக்கல் தேர்ந்தெடுக்கிறது. முதல்முறை போகிறவர்கள், டாக்டர்கள், தம்பதிகளுக்கு முன்னுரிமை உண்டு.

குலுக்கலில் பெயர் வந்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள். டெல்லியில் மருத்துவப் பரிசோதனை இருக்கிறது. அதில் தேறினாலும், மேலே ஏறியபின் உயரத்தில் இன்னொரு பரிசோதனை. அங்கே தேறாதவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அத்தனை தூரம் போய்த் திரும்புவது மனசை உடைத்துவிடும். அதனால் எடையை இப்போதே கவனியுங்கள்: உடல் நிறை குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 25-ஐத் தாண்டக் கூடாது. 165 செ.மீ. உயரமுள்ளவர் 68 கிலோவுக்குள் இருக்க வேண்டும். 158 செ.மீ. என்றால் 62 கிலோ. விண்ணப்பிக்கிற அன்று தொடங்கினால் போதாது, பல மாதம் முன்பே தினசரி நடையைத் தொடங்கிவிடுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை இருந்தால் உங்கள் டாக்டரிடம் ஒளிக்காமல் கேளுங்கள்.

கையெழுத்திட வேண்டிய தாள்களில் ஒன்றைக் கண்டு வீட்டில் பயந்துபோவார்கள்: சீன எல்லைக்குள் இறந்தால் உடலை அங்கேயே தகனம் செய்ய ஒப்புதல். அதை எல்லோரிடமும் வாங்குகிறார்கள். முன்கூட்டியே குடும்பத்தாரிடம் பொறுமையாகச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நம் ஊர் உதவி. அப்பர் கயிலையை நாடிப் புறப்பட்டு, வழியில் ஒரு பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறதே, அந்தத் தமிழ்நாட்டில் அறநிலையத்துறை 2012 முதல் கயிலாய யாத்திரைக்கு மானியம் தருகிறது. முதலில் 40,000 ரூபாயாக இருந்து, பின்னர் 50,000 ஆனது. தமிழ்நாட்டைச் சேர்ந்த இந்துக்களுக்கானது, எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. யாத்திரையை முழுமையாக முடித்த பிறகுதான் பணம் வரும், எனவே முழுச் செலவையும் முதலில் நீங்களே புரட்ட வேண்டும். பாஸ்போர்ட் நகல், விசா, கட்டணம் கட்டிய ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். அந்த ஆண்டுக்கான மானிய அறிவிப்பு வந்ததும் கடைசித் தேதிக்குக் காத்திராமல் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.