ஒரு வருடம் தாமதமாக வந்த முட்டைத் தட்டுப்பாடு

2023 சித்திரை வாக்கில் திருகோணமலை உப்புவெளிப் பேக்கரி ஒன்றில் நின்றபோது, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேக்கைப் பார்த்து ஒரு முதியவர் கேட்டார்: "தம்பி, இது இந்திய முட்டையா?" "கோழியிடம் கடவுச்சீட்டுக் கேட்கவில்லை ஐயா" என்றான் பையன்.

கேள்வி நியாயமானதுதான். அந்த மார்ச் மாதத்தில் இந்தியாவிலிருந்து முதற் தொகுதியாக 20 இலட்சம் முட்டைகள் கொழும்பில் இறங்கியிருந்தன. பாக்கு நீரிணைக்கு அந்தப்பக்கம் முட்டை மிஞ்சிக் கிடக்க, இந்தப்பக்கம், இலங்கையில், ஏன் வற்றியது?

மொத்தக் கணக்கை வைத்து ஒப்பிட்டால் ஒன்றும் விளங்காது. இந்தியா 1950-51இல் 183 கோடி முட்டைகளை உற்பத்தி செய்தது. 2022-23இல் 13,838 கோடி. ஏறத்தாழ 2.2 கோடிப் பேர் வாழும் தீவு இதற்குப் பக்கத்தில் நிற்கவே முடியாது. தலைக்கு எத்தனை என்று பார்ப்பதே முறை: இந்தியாவில் ஆண்டுக்கு 5 ஆக இருந்தது, 2022-23இல் 101 ஆனது. அதைவிட முக்கியம் கோட்டின் வடிவம். அங்கே கோடு ஏறிக்கொண்டே போகிறது. இங்கேயும் பல தசாப்தங்கள் ஏறிய கோடு, 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு சரிந்தது.

சரிவைப் புரிந்துகொள்ளக் கோழிக்குள் ஓடும் இரண்டு கடிகாரங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது வேகமானது. ஒரு முட்டை உருவாக ஏறத்தாழ 25 மணி நேரம். அதில் வெள்ளைக்கருவுக்குச் செலவாவது மூன்று மணி நேரம்தான். ஓட்டுக்கு மட்டும் 20 மணி நேரம் போய்விடும். ஓட்டில் இரண்டு கிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. தீனில் அது போதாவிட்டால் கோழி தன் எலும்பைக் கரைத்துக் கொடுக்கும், கொஞ்ச நாளைக்கு. கச்சான் காற்று வீசும் ஆடி வெயிலில் இன்னொரு தொல்லை: வியர்க்காத கோழி வாயைத் திறந்து இளைக்கிறது, மூச்சோடு கரியமிலவாயு அதிகமாக வெளியேறுகிறது, ஓடு கட்டத் தேவையான காபனேற்று இரத்தத்தில் குறைகிறது. விளைவு, கை பட்டதும் நொறுங்கும் முட்டை.

நம் காட்டுக்கோழி ஒரு தடவைக்கு இரண்டு முதல் நான்கு முட்டை இட்டு அடைக்கு உட்கார்ந்துவிடும். முட்டைக்காகவே வளர்க்கப்படும் பண்ணைக் கோழியான லேயரோ ஆண்டுக்கு 300க்கு மேல் இடுகிறது. அதற்கு ஈடாக அது கேட்பது சோளமும் சோயாவும். சீனன்குடா மாவாலையால் கோதுமைத் தவிடு நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால் தவிட்டை மட்டும் தின்று எந்த லேயரும் 300 இடாது. 2021இல் இரசாயன உரத் தடை அனுராதபுரம் போன்ற மாவட்டங்களின் சோளச் செய்கையை அடித்தது. 2022இல் சோளம் இறக்குமதி செய்ய டொலர் இல்லை. தீன் விலை ஏற, முட்டை உடனே குறைந்தது.

இரண்டாவது கடிகாரம் மெதுவானது; உண்மையான சேதம் அதில்தான். லேயர் குஞ்சுகளைத் தரும் தாய்க்கோழிகளை இலங்கை வெளிநாட்டிலிருந்தே வருவிக்கிறது. வந்திறங்கும் தாய்க்குஞ்சு பொரிக்கத்தக்க முட்டை இட ஏறத்தாழ 25 வாரம். அது பொரிய 3 வாரம். பொரித்த குஞ்சு முட்டையிட இன்னும் 19 வாரம். கூட்டினால் 47 வாரம். டொலர் இல்லாத மாதத்தில் தாய்க்கோழி வராமல் போனதன் விலையை, அடுத்த ஆண்டு கேக் வாங்கியவர் கொடுத்தார். இந்தியாவுக்கு இந்த இடத்தில்தான் வசதி: சோளம் சொந்த மண்ணில் விளைகிறது, பி.வி. 300 போன்ற லேயர் இனங்களின் தாய்க்கோழிகளும் உள்நாட்டிலேயே வளர்கின்றன. கோழிக்கு ஒரு நாட்டைவிட இன்னொரு நாட்டின் மீது பாசம் ஒன்றும் இல்லை.

தீன் விலை தாங்காமல் 2022இல் கோழிகளை எல்லாம் விற்றுவிட்ட எங்கள் அயல்வீட்டு மாமி, அடுத்த ஆண்டு ஆவணி நடுவில் மறுபடி குஞ்சு வாங்கினார். அன்று மாலையே கூட்டுக்குள் கைவிட்டு முட்டை தேடிய பேரனிடம், "தைப்பொங்கலுக்கு வந்து பார்" என்றார்.