தெப்பக்குளத்தை இருமுறை சுற்றுங்கள்

மதுரை மாசி வீதிக்குள் ஜிபிஎஸ் புள்ளி சில நேரம் பக்கத்து வீதிக்குத் தாவிவிடும். நெருங்கி நிற்கும் கட்டடங்களில் பட்டுத் திரும்பும் சிக்னல் செயற்கைக்கோளின் தூரத்தைக் கூட்டிக் காட்டுவதே காரணம். அங்கே வண்டி தன் இடத்தைத் தானே கணக்கிட இரண்டு அளவுகள் வேண்டும்: எவ்வளவு தூரம் உருண்டது, எத்தனை டிகிரி திரும்பியது. இதுதான் டெட் ரெக்கனிங்.

தூரம் சக்கரத்திலிருந்து கிடைக்கிறது. டயரிலும் அதற்கு நேர் கீழே தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டு, ஓட்டுநர் உட்கார்ந்தபடியே 10 சுற்று நேராக உருட்டி டேப்பால் அளக்க வேண்டும். 195/65 ஆர்15 டயர் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் போகும். டயர் 6 மி.மீ. தேய்ந்தால் சுற்றளவு 2 சதவீதம் குறையும். 30 கிலோமீட்டரில் 600 மீட்டர் பிழை. காற்று குறைந்தாலும் கணக்கு மாறும்.

அதைவிடப் பொல்லாதது கோணப் பிழை. வண்டி எவ்வளவு திரும்புகிறது என்பதை அளக்கும் கருவி கைரோ. அசையாமல் நிற்கும்போதும் அது ஏதோ சிறு சுழற்சியைக் காட்டும். அந்தச் சுழற்சி நொடிக்கு 0.01 டிகிரிதான் என்றாலும் 10 நிமிடத்தில் 6 டிகிரி சேர்ந்துவிடும். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நேராகப் போகும் வண்டி அதற்குள் பக்கவாட்டில் 350 மீட்டர் விலகியதாகக் கணக்கு சொல்லும். சூடு ஏறினால் இந்த அளவும் மாறும். ஆகவே கைரோவை டேஷ்போர்டு வெயிலில் வைக்கவே கூடாது. போக்குவரத்து சிக்னலில் வண்டி நின்று, சக்கரம் சுழல்வதைக் காட்டும் மின்துடிப்பும் நின்றதும் கைரோ காட்டுவது முழுக்கப் பிழை. அதை அப்படியே கழித்துவிடலாம்.

காந்தத் திசைகாட்டி உதவாதா? காந்த நடுக்கோடு அருகில் இருப்பதால் இங்கே புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ கிடைமட்டம். வண்டி சாய்ந்தாலும் திசை அதிகம் கெடாது. ஆனால் வண்டியின் இரும்பு அந்த அனுகூலத்தைத் தின்றுவிடும்.

கைரோவைச் சோதிக்க வண்டியூர் தெப்பக்குளத்தைவிட நல்ல இடம் இல்லை. விடியற்காலையில், ஒரே வேகத்தில், வலமாக ஒருமுறை, இடமாக ஒருமுறை சுற்றுங்கள். வலச்சுற்றில் +355, இடச்சுற்றில் −351 என்று வந்தால் கூட்டுத்தொகையில் பாதி, 2 டிகிரி, நிலையான பிழை. வித்தியாசத்தில் பாதி 353. 360 வர வேண்டியது. ஆகவே கைரோ 2 சதவீதம் குறைத்துக் காட்டுகிறது. ஒரே பக்கம் சுற்றினால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

மிச்சப் பிழையை வரைபடம் திருத்தும். கோயிலைச் சுற்றிய வீதிகள் சதுரத்துக்குள் சதுரம். மூலையில் 90 டிகிரி திரும்பியதுமே வண்டி அந்த மூலையில் இருப்பது உறுதியாகி, அதுவரை சேர்ந்த தூரப் பிழை அழிந்துவிடும். திருப்பமே இல்லாத நான்குவழிச் சாலையில் அந்த வாய்ப்பு இல்லை. அங்கே சாக்பீஸ் அளவு சரியாக இருந்தால்தான் உண்டு.