'கிக் த பக்கெட் = இறத்தல்' என்று பாடமாக்காதீர்கள்

யாழ் நகரில் வேலை செய்யும் என் பழைய மாணவி ஒருத்தி, தகப்பனை இழந்த லண்டன் மேலதிகாரிக்கு ஆறுதல் மின்னஞ்சல் எழுதியிருக்கிறாள். 'டைட்' (died) என்று மொட்டையாகப் போட மனமில்லாமல், 'யுவர் ஃபாதர் கிக்ட் த பக்கெட்' என்று எழுதிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் எனக்குக் காட்டினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய ரியூசன் கொப்பியில் 'கிக் த பக்கெட் = இறத்தல்' என்றுதான் இருக்கிறது. எனக்கு எரிச்சல் அந்தச் சமன் குறியில்தான்.

'மண்டையைப் போட்டார்' என்றாலும் இறந்தார் என்றுதான் கருத்து. அதற்காகச் செத்தவீட்டில் மகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா மண்டையைப் போட்டிட்டாராமே, தம்பி" என்று யாராவது கேட்போமா? மரண அறிவித்தலில் 'காலமானார்' போடுவதா, 'சிவபதமடைந்தார்' போடுவதா என்று யோசித்து யோசித்து எழுதுகிற ஊர் இது. தமிழில் இவ்வளவு நுணுக்கம் தெரிந்த பிள்ளைக்கு, ஆங்கிலத்திலும் அப்படித்தான் என்று யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. 1785இல் பிரான்சிஸ் குரோஸ் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதியிலேயே இந்தத் தொடர் இருக்கிறது. அன்று தொட்டு அது விளையாட்டுப் பேச்சுத்தான். ஆறுதல் சொல்ல 'பாஸ்ட் அவே' போதும். கட்டுரையில் 'டைட்' என்றே எழுதலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவுமில்லை.

மற்றத் தொடர்களும் இப்படித்தான். 'அண்டர் த வெதர்' தடிமனுக்கும் உடம்பு அலுப்புக்கும் சொல்வது. ஐசியூவில் இருக்கிற அம்மாவுக்காக லீவுக் கடிதம் எழுதும்போது 'சீரியஸ்லி இல்' என்று எழுதுங்கள். கொட்டுகிற மழைக்கு 'இட்ஸ் போரிங்' (pouring) போதும். 'கேட்ஸ் அண்ட் டோக்ஸ்' எல்லாம் பழசாகிவிட்டது.

ஐயெல்ட்ஸ் ஆங்கிலப் பரீட்சை எடுக்கிறவர்களுக்கு ஒன்று. பேச்சுத் தேர்வில் பேண்ட் 7 என்ற புள்ளி நிலைக்கான விவரிப்பில் 'இடியமாட்டிக்' (மரபுத்தொடர் சார்ந்த) என்ற சொல் இருப்பது உண்மை. அதே வரி, நடை அறிந்து, சேரவேண்டிய சொல்லோடு சொல் சேர்த்துப் பேசுகிறீர்களா என்றும் கேட்கிறது. அதை ஏன் ஒருவரும் வாசிப்பதில்லை? 11 முதல் 14 நிமிடம் வரைதான் பேச்சு, அதற்குள் பட்டியலைத் திணிக்காதீர்கள். 'ரன் அவுட் ஒஃப்', 'கெட் ஓன் வித்' போன்றவை தன்பாட்டில் வந்தாலே அது இடியமாட்டிக்தான்.

ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் மாணவர் அகராதிகளை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கருத்துக்கு முன்னால் 'இன்ஃபோமல்', 'ஹியூமரஸ்', 'ஓல்ட் ஃபாஷன்ட்' என்று சின்னதாக ஒரு குறிப்பு நிற்கும். முதலில் அதை வாசியுங்கள். சந்தேகமென்றால் நேர்ச்சொல்லையே போடுங்கள். ரியூசன் ஆசிரியர்களே, பட்டியல் அடித்துக் கொடுப்பதென்றால், 'யாருக்கு, எந்த இடத்தில்' என்று பக்கத்தில் இன்னொரு நிரலும் சேர்த்து அடியுங்கள், தயவுசெய்து.