'எனக்கும் ஓசிடிதான்' என்று சொல்வதற்கு முன்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் பகுதியில் உளவியல் சிகிச்சை அளித்துவரும் எனக்கு, நோயின் பெயர்கள் வீட்டுப் பேச்சில் சர்வ சாதாரணமாகப் புழங்குவதைக் கேட்கும்போதெல்லாம் மனம் வருந்துகிறது. அலமாரியை ஒழுங்காக அடுக்குபவர் தமக்கு 'ஓசிடி' (OCD) என்னும் எண்ணச் சுழற்சி நோய் என்கிறார். காலையில் சிரித்து மாலையில் சிடுசிடுக்கும் மேலாளர் 'பைபோலார்', அதாவது இருமுனை மனநோயாளி, ஆகிவிடுகிறார்.

சில காலத்துக்கு முன் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருடைய விரல் இடுக்குகளில் தோல் வெடித்து, கழிப்பறை கழுவும் திரவம் பட்ட இடமெல்லாம் சிவந்திருந்தது. தம் கையிலுள்ள கிருமியால் பிள்ளைகள் இறந்துவிடுவார்கள் என்ற அச்சத்தில், சோறு பரிமாறுவதற்கு முன் அவர் கழுவிக் கழுவி நிற்பார். அதற்குள் பிள்ளைகள் பசியோடு தூங்கியிருப்பார்கள். மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, "எனக்கு ஓசிடி இருக்குமோ, அக்கா?" என்று தம் அக்காவிடம் கேட்டிருக்கிறார். "எனக்கும்தான், டப்பா வரிசை மாறினால் தாங்காது" என்று அக்கா சிரித்திருக்கிறார். அதன் பிறகு அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஓசிடி நோயில், வேண்டாத எண்ணங்களும் அவற்றைத் தணிப்பதற்கான செயல்களும் நாளில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக விழுங்கிவிடும், அல்லது வாழ்க்கையையே முடக்கிவிடும்; ஒழுங்கை விரும்புவது வேறு. 'பைபோலார்' என்பதும் ஒரே நாளில் மாறும் கோபதாபம் அன்று. தூக்கமே தேவைப்படாத அளவுக்கு மிகையான மன எழுச்சி ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடிப்பதும், வேறொரு காலத்தில் வாரக்கணக்கில் எழவே முடியாத சோர்வு வருவதும் அதன் இயல்பு.

நம் முதியவர்களிடம் 'பைத்தியம்' என்ற ஒரே சொல்தான் இருந்தது. அதற்கு அஞ்சி நோயை மறைத்தார்கள். இளையவர்களிடம் பல சொற்கள் இருந்தும், அவற்றின் கனம் போய்விட்டதால், நோயுற்றவர் சொன்னால் நம்புவாரில்லை. இவ்விரண்டில் எது மேல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மனநல சிகிச்சையைப் பொது மருத்துவச் சேவைகளோடு இணைக்க 2002 ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்க மனநலப் பராமரிப்புச் சட்டம் வழிவகுத்தது. ஆனாலும், அந்த வாசல்வரை ஒருவரை அழைத்துச் செல்வது பெரும்பாலும் வீட்டிலிருப்பவரின் ஒரு கேள்விதான்.

அக்காவையும் அழைத்து வரச் சொன்னேன். வந்தவர், நான் எதையும் விளக்குவதற்கு முன்பே, தங்கையின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, "எப்போதிருந்து?" என்று கேட்டார்.